தைக்க வராத ரோபோ, பார்க்க வந்த கேமரா

பனியன் தொழிலை எந்திரம் விழுங்கிவிடும் என்ற செய்திக்குப் பத்து வயது ஆகிறது. அந்த எந்திரத்தை இன்னும் காணோம். அதற்குள் குன்னத்தூர் பக்கத்து ஓவர்லாக் மெஷினைச் சுற்றி வேறு சில எந்திரங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

திருப்பூரிலிருந்து வடக்கே, பெருமாநல்லூர் தாண்டி கோபி போகிற பாதையில் இருக்கிறது குன்னத்தூர். ஊத்துக்குளி வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, சோளக்காடு, எருமை மாடு. இன்னொரு பக்கம் பனியன். விடிந்ததும் கம்பெனி வேன்கள் சுற்றுக் கிராமங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கும் பெருந்துறை சிப்காட்டுக்குமாகப் பிரியும். குழந்தையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஜாப் ஒர்க் யூனிட்: தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மெஷின், ஒரு செக்கிங் டேபிள், வாசலில் கட்டிங் பீஸ் மூட்டை.

இந்த வாழ்க்கைக்கு நாள் குறித்தது 2016-ல். அந்த ஜூலையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. துணி, ஆயத்த ஆடை, காலணித் தொழில்களில் கூலிக்கு இருப்பவர்களில் கம்போடியாவில் 88 சதவீதம், வியட்நாமில் 86 சதவீதம், இந்தோனேசியாவில் 64 சதவீதம் பேரின் வேலை எந்திரமயத்தால் பறிபோகும் பெரும் ஆபத்தில் இருக்கிறது என்றது அது. அடுத்த ஆண்டு அட்லாண்டாவின் சாஃப்ட்வேர் ஆட்டோமேஷன் நிறுவனத்தின் 'சூபாட்' தையல் ரோபோக்களை வைத்து ஒரு சீன ஆடை நிறுவனம் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ஆலை போடப்போகிறது, ஒரு டி-ஷர்ட்டுக்குக் கூலிச் செலவு 33 சென்ட்தான் என்று செய்தி வந்தது. அடிடாஸ் தன் பங்குக்கு ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் 'ஸ்பீட்ஃபேக்டரி' என்ற பெயரில் ரோபோ ஆலைகளைத் திறந்தது. ஆசியாவுக்குப் போன தொழில் இனி வீடு திரும்பும் என்று பத்திரிகைகள் எழுதின.

2019 நவம்பரில் அடிடாஸ் அந்த இரண்டு ஆலைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. அங்கே கற்ற நுட்பத்தை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள தன் சப்ளையர்களிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னது. திறந்தபோது முதல் பக்கத்தில் வந்த செய்தி, மூடியபோது வணிகப் பக்கத்து மூலைக்குப் போயிற்று. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2016-17-ல் சுமார் 26,000 கோடி ரூபாய். 2024-25-ல் சுமார் 40,000 கோடி. அவ்வளவும் மனிதக் கை தைத்தது.

ரோபோவுக்குப் பிடிபடாத துணி

ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை, ஒரு ஓவர்லாக் டெய்லரின் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். சிங்கிள் ஜெர்சி துணியின் வெட்டின ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். அதை விரல் நுனியால் நீவி விரித்தபடியேதான் ஊசிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்துக்கு ரிப் ஏற்றும்போது சுற்றளவில் ரிப் சின்னது, உடம்புத் துணி பெரியது. ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, உடம்பை எவ்வளவு தளர விடுவது என்பதை இரண்டு கைகளும் தனித்தனியாக முடிவு செய்கின்றன, கால் பெடலில் இருக்கும்போதே. 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணிக்குப் பழகிய கை, 180 வந்தால் இரண்டு பீஸுக்குள் தன்னைத் திருத்திக்கொள்ளும். துணியைச் சுருக்கி இறுக்கும் காம்பாக்டிங்கில் கொஞ்சம் பிசகி வந்த துணியைத் தொட்ட உடனே தெரிந்துகொண்டு முகம் சுளிக்கும். பக்கத்தில் நிற்கும் கைமடிப் பெண் சொல்லாமலே அடுத்த பீஸை எந்தப் பக்கமாகத் திருப்பிக் கொடுப்பது என்று அறிவாள்.

ரோபோவுக்கு முதல் தடையே அடுக்கிலிருந்து ஒற்றைத் துணியைப் பிரித்து எடுப்பது. சியாட்டிலைச் சேர்ந்த ஒருவர் 'சூபோ' என்ற முயற்சியில் துணியை நீரில் கரையும் பசையில் நனைத்து அட்டைபோல் விறைப்பாக்கி, ரோபோவிடம் தைக்கக் கொடுத்து, பிறகு கழுவிப் பார்த்தார். துணிக்கு ஏற்ப எந்திரத்தை மாற்ற முடியாதபோது எந்திரத்துக்கு ஏற்பத் துணியை மாற்றுகிற வழி அது. கட்டிங் பகுதியில் எந்திரம் உண்மையாகவே வந்துவிட்டது. துணி விரிக்கும் எந்திரமும் கணினி கட்டரும் பெரிய கம்பெனிகளில் சாதாரணம். மெஷினே நூலை அறுத்துவிடுவதும் பழைய கதை. தையல் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

'செயற்கை நுண்ணறிவு' செய்திகளையும் இந்தக் கண்ணோடு படிப்பது நல்லது. 2025 மே மாதம் பில்டர் டாட் ஏஐ என்ற லண்டன் நிறுவனம் திவாலானது. மைக்ரோசாஃப்ட் பணம் போட்டிருந்த நிறுவனம். ஏஐ என்று சொல்லிவிட்டு 700 இந்திய இன்ஜினீயர்களை உட்காரவைத்து வேலை வாங்கியது என்று உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நம் ஊரிலும் அந்த மீம் ஓடியது. பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள், அப்படி எதுவும் இல்லை, நாங்கள் ஒளிந்துகொண்டு ஏஐ வேஷம் போடவில்லை என்றார்கள். நிறுவனத்தைக் கவிழ்த்தது, வருமானத்தை ஊதிக் காட்டியது என்ற புகார். பெருமைச் செய்தியும் மிகை, அதைக் கிழித்த செய்தியும் மிகை. சந்தேகப்படுவதென்றால் இரண்டு பக்கமும் படத்தான் வேண்டும்.

வாசலில் விரல், தலைக்கு மேல் கண்

தைக்கும் எந்திரம் வராத இடைவெளியில், தைப்பவரைப் பார்க்கும் எந்திரம் வந்து சேர்ந்தது. யாரும் அதற்கு அறிக்கை வெளியிடவில்லை.

வாசலில் விரல் வைக்கும் பெட்டி. சில இடங்களில் இப்போது முகத்தைக் காட்டும் பலகை. செக்யூரிட்டி அறைக்கு மேல், லைனுக்கு மேல், ஸ்டோர் வாசலில், சாப்பாட்டு ஹாலில் கேமரா. பெரிய கம்பெனிகளில் பண்டில் டிக்கெட்டில் பார்கோடு. டெய்லர் முன்னால் ஒரு சின்னத் திரை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் வந்தது, டார்கெட் எவ்வளவு, எத்தனை நிமிடம் மெஷின் சும்மா நின்றது என்று அதில் ஓடும். மெஷின் நின்ற நிமிடம் தெரிந்தால் பாத்ரூம் போன நிமிடமும் தெரியும். சூப்பர்வைசரின் ஏச்சுக்கு இப்போது கணக்கு ஆதாரமும் சேர்ந்துவிட்டது.

கேமரா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு வாசல் கேமரா ஒரு தைரியம்தான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவனுக்கு ஒரு ஷிப்ட் என்று எழுதும் காண்ட்ராக்டரிடம் விரல் ரேகைக் கணக்கு தொழிலாளிக்குச் சாட்சியாகவும் நிற்கலாம். நிற்கலாம், அந்தக் கணக்கு அவர் கைக்கு வந்தால். சனிக்கிழமை சம்பளக் கவரோடு அந்த வாரம் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் அச்சடித்த ஒரு சீட்டு வருகிறதா? எந்திரம் இருவருக்கும் பொதுவாக எழுதுகிறது, படிப்பது ஒருவர் மட்டும்.

பையர் கேட்கிறார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம். ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் ஆடிட்டரை அனுப்புகின்றன. ஆடிட்டுக்கு முன் வாரம் கம்பெனி வெள்ளையடிக்கப்படும், தீயணைப்புக் கருவியின் தேதி பார்க்கப்படும், யார் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பாடம் நடக்கும். இந்தத் தாள்களின் மதிப்பு என்ன என்பதற்கு இரண்டு தேதிகள் போதும். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்துக் கம்பெனிகளுக்கும் ஆடிட்டர்கள் போய் வந்திருந்தார்கள்.

அடுத்து வருகிறது டிஜிட்டல் பாஸ்போர்ட். 2024 ஜூலை 18-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி, அங்கே விற்கும் துணிமணிகளுக்கு இனி ஒரு மின்னணு ஜாதகம் வேண்டியிருக்கும்: எந்த நார், என்ன சாயம், எங்கே நூற்றது, எவ்வளவு சுற்றுச்சூழல் பாரம். நல்ல நோக்கம். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவில் பார்த்தவர்கள் அதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் அந்த விவரங்களைத் திரட்டும் செலவு கடைசியில் சப்ளையர் தலையில், சப்ளையரிடமிருந்து ஜாப் ஒர்க் யூனிட் தலையில் விடியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பையர்கள் திருப்பூரிடம் தள்ளுபடி கேட்டார்கள். சட்டையின் பஞ்சு எந்தக் காட்டில் விளைந்தது என்று சொல்லப்போகும் பாஸ்போர்ட்டில், பையர் எத்தனை சென்ட் குறைக்கச் சொன்னார் என்பதற்கு ஒரு கட்டம் இருக்குமா?

கேமரா எதைப் பார்க்காது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலை, திண்டுக்கல் மாவட்டம். 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு மற்றப் பெண்களும் ஆலைக்குள் நடந்த பாலியல் தொல்லைகளைப் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கம் கம்பெனியோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் ஒப்பந்தம் போட்டது. பின்னர் வேறு பிராண்டுகளும் சேர்ந்தன.

அந்த ஒப்பந்தத்தின் மையமான ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு லைனிலும் தொழிலாளிப் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் பார்க்கவும் சொல்லவும் பொறுப்புக் கொடுத்தார்கள். சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைக்கும். மேலே மாட்டிய கேமரா எத்தனை இருந்தாலும், சூப்பர்வைசர் குனிந்து காதில் சொல்வது அதில் பதியாது. பக்கத்து மெஷின் பெண்ணுக்குக் கேட்கும்.

போட்டோவைப் பார்க்க ஒரு ஆள்

இனி, பனியனுக்குப் போகாதவர்களின் கதை. ஊத்துக்குளி ஒன்றியத்து ஊராட்சிகளில், வயதானவர்களுக்கும் வேன் ஏற முடியாதவர்களுக்கும் நூறு நாள் வேலைதான் கைச்செலவுக்கு. அங்கேயும் எந்திரம் வந்தது. தேசிய மொபைல் கண்காணிப்பு முறை என்ற செயலி. 2021 மே மாதம் அறிமுகம், 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கட்டாயம். காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, இடத்தின் ஆயத்தொலைவோடு ஏற்ற வேண்டும். போட்டோ ஏறாவிட்டால் வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்த கிழவிகளும் இரண்டாவது போட்டோவுக்காக வேலமர நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊழலை ஒழிக்கத்தான் இந்தப் பாடு என்றார்கள்.

2025 ஜூலை 8 அன்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. செயலியை எப்படியெல்லாம் ஏய்க்கிறார்கள் என்று அதில் பட்டியல் போட்டிருந்தது. சம்பந்தமில்லாத போட்டோ ஏற்றுகிறார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். ஒரே ஆள் பல பட்டியல்களில் தெரிகிறார். ஆண், பெண் கணக்கு படத்தோடு ஒத்துவரவில்லை. மதியப் போட்டோ ஏறுவதே இல்லை. இதற்கு அமைச்சகம் கண்ட தீர்வு: ஊராட்சி அளவில் நூறு சதவீதப் போட்டோக்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், மேலே ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கைப் பார்க்க வேண்டும்.

ஆளை நம்பாமல் எந்திரம் வைத்தோம், எந்திரத்தை நம்பாமல் ஆள் வைக்கிறோம். இடையில் போனது யாருடைய கூலி என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கணக்கெடுக்கவில்லை. திட்டத்துக்கே இப்போது வேறு சட்டம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. அதோடு விரல் ரேகை, முகம், செயற்கை நுண்ணறிவு என்று கண்காணிப்பையும் கூட்டியே கொடுத்திருக்கிறது. பழைய செயலி ஏன் தோற்றது என்று யாரும் உட்கார்ந்து விசாரித்ததாகத் தெரியவில்லை.

ரேஷன் கடையில் நடப்பது இன்னும் எளிமை. பாத்திரம் தேய்த்த கை, களை பிடுங்கிய கை, பல வருடம் பிசிறு வெட்டிய கை. "ரேகை விழலைங்க" என்பது கொங்கு நாட்டு ரேஷன் வரிசையில் தினமும் கேட்கும் வாசகம். விரலைச் சேலையில் துடைத்து, எண்ணெய் தொட்டு, வேறு விரல் மாற்றி வைக்கச் சொல்வார்கள். விற்பனையாளர் நல்லவராக இருந்தால் பேரனைக் கூட்டி வரச் சொல்வார். உழைத்துத் தேய்ந்த கைதான் எந்திரத்துக்குச் சந்தேகக் கை.

ஜெராக்ஸ் கடையில் குவியும் ஜாதகம்

ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இறங்குகிற ஒரு இளைஞர் முதல் வாரத்தில் எத்தனை ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கிறார்? காண்ட்ராக்டருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, லைன் வீட்டு உரிமையாளருக்கு ஒன்று, சிம் கார்டுக்கு, பேங்குக்கு. 2025 ஆகஸ்ட் 1 முதல் பி.எஃப். எண் புதிதாக வாங்க உமாங் செயலியில் முகத்தையும் காட்ட வேண்டும்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படக்கூடும், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், மே 29 அன்று, மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அரசு அதை வாபஸ் வாங்கியது. அந்த இரண்டு நாளைக்கு மட்டும் அரசாங்கமும் ஜனங்களும் ஒரே மாதிரி பயப்பட்டார்கள் என்று சொல்லலாம்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2021-ல் தமிழ்நாடு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கிடக்கிறது என்று ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் நம்பரைத் தட்டினால் கோவின் தடுப்பூசி விவரம், பிறந்த ஆண்டு, அடையாள எண் எல்லாம் வந்து விழுந்தன. ஆதாரமற்ற செய்தி என்றது சுகாதார அமைச்சகம். சில நாளில் அதே விவகாரத்தில் பீகாரில் ஒருவரைப் பிடித்தார்கள். 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் மருத்துவக் கோப்புகள் டெலிகிராமில் கிடைத்தன, 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் முதலில் பரவலான பாதிப்பு இல்லை என்றது, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் உறைத்தது தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாள மென்பொருள் விவகாரம். 2021 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது. தெருவில் ஒருவரைப் போட்டோ எடுத்தால் பழைய குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்துவிட்டார். நிர்வாகி கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு கசிந்ததுதான் வழி என்று காவல் துறை விளக்கியது. ஊரார் முகத்தையெல்லாம் அடையாளம் காணும் எந்திரம், உள்ளே வந்த திருடனை நிர்வாகி என்று நம்பிவிட்டது.

மாற்றிக்கொள்ள முடிந்தது பாஸ்வேர்டு. முகத்தையும் ரேகையையும் எங்கே போய் மாற்றுவது?

ஹோலிக்கு முந்தைய வாரம்

2023 மார்ச் முதல் வாரம் திருப்பூர்ப் பகுதி மறக்காத வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. மாநில டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுத்தார்: பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் சண்டை. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தைக் காட்டி, தப்பி ஓடுகிறார்கள் என்றார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. கட்டுப் போட்ட தொழிலாளர்கள் பேசும் ஒரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் காவல் துறையே சொன்னது. யூடியூபர் ஒருவர் கைதானார்.

அந்த வாரம் எந்தச் செயலியும், எந்தக் கேமராவும், எந்த முக அடையாளமும் வதந்தியை நிறுத்தவில்லை. நிறுத்தியது இந்தியில் பேசிய அதிகாரிகளும், வீடியோ எங்கே எடுத்தது என்று ஒவ்வொன்றாகத் துருவிய செய்தியாளர்களும், உடன் வேலை பார்ப்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்ன தொழிலாளர்களும்தான்.

ஆனால் அடங்கிய பிறகு நடந்தது என்ன? வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிய வேண்டும் என்று நிர்வாகம் மும்முரமானது. பதிவு கூடாது என்பதில்லை. ஐந்து வெளிமாநிலத்தவர் இருந்தாலே பதிவு வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. அதே சட்டம் இடப்பெயர்வுப் படி, ஊர்ப் பயணப் படி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பெயரைப் பதிவதில் இருந்த வேகம் படியில் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது இடப்பெயர்வுப் படி சட்டத்திலிருந்தே போய்விட்டது. ஐந்து பேர் என்ற வரம்பு பத்தானது. ஆதாரைக் கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை

அதே 2025 நவம்பரின் 28-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை இரண்டு உத்தரவுகள் போட்டது. ஒன்று, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புது போனிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே ஏற்றித்தர வேண்டும் என்பது. டிசம்பர் 1 அன்று செய்தி வெளியானது, நாடு முழுக்கக் கூச்சல், டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று பின்வாங்கினார்கள். தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் செயலி அது, பயனும் உண்டு. அதை விரும்பியவர் இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் சந்தேகமே எழுந்திருக்காது.

கூச்சலில் அடிபட்டுப்போனது இரண்டாவது உத்தரவு. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் போனில் அந்த சிம் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும். கம்ப்யூட்டரில் திறந்த வாட்ஸ்அப் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக வெளியேற வேண்டும். சைபர் மோசடிக்காரர்களைப் பிடிக்க என்று காரணம். பனியன் தொழிலில் வாட்ஸ்அப் அரட்டைக்கு அல்ல: ஷேட் அப்ரூவல், அளவுச் சீட்டு, பிரிண்ட் சாம்பிள், டெஸ்பாட்ச் போட்டோ, எல்லாம் அதில்தான். மோசடிக்காரன் புது வழி கண்டுபிடிப்பான். மெர்ச்சண்டைசர் ராத்திரி ஷிப்டில் மறுபடி க்யூஆர் ஸ்கேன் பண்ணிக்கொண்டிருப்பார்.

கம்பெனிப் பக்கமும் யோக்கியம் இல்லை. வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நம் பேச்சைப் பூட்டிவைக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், ஏற்றுக்கொள் அல்லது வெளியே போ என்று நிபந்தனை வைத்ததற்கு அந்தத் தண்டனை. அரசு பார்க்கக் கூடாது என்று கம்பெனி சொல்லும், கம்பெனி பார்க்கக் கூடாது என்று அரசு சொல்லும். நடுவில் இருப்பது நம் போன்.

முதலில் அமலான பிரிவு

இதற்கெல்லாம் ஒரு சட்டம் வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன பிறகு ஆறு ஆண்டு கழித்துப் பிறந்தது. விதிகள் 2025 நவம்பர் நடுவில் வந்தன.

அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும். விவரம் பறிகொடுத்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

திருப்பூருக்கு முக்கியம் 7-ஆம் பிரிவு. சம்மதம் கேட்காமலே விவரங்களைக் கையாளக்கூடிய சந்தர்ப்பங்கள் அதில் இருக்கின்றன. கடைசியில் வருவது வேலைவாய்ப்பு: வேலை சம்பந்தமாகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காக்கவும் தொழிலாளியின் விவரங்களைக் கையாளலாம். 'நஷ்டம் வராமல்' என்ற சொல்லுக்குள் விரல் ரேகை, முகம், பாத்ரூம் நிமிடம், சாப்பாட்டு ஹால் கேமரா எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். இதைப் பற்றித் திருப்பூரில் ஒரு கருத்தரங்கம்கூட நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. பருத்தி நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மறுநாளே பேசுகிற ஊர்.

அமலாக்கத்தின் வரிசையையும் பாருங்கள். நம் விவரத்தைக் காட்டு, திருத்து, அழி என்று கேட்கும் உரிமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் உயிர்பெறும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தும் பகுதியோ உடனே அமலுக்கு வந்துவிட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கும் வசதி அரசு அலுவலகங்களுக்குக் கூடியிருக்கிறது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழி எடுக்கப்பட்டுவிட்டது. நூறு நாள் வேலையில் யார் பெயரில் கூலி எடுக்கப்பட்டது என்று ஒரு ஊராட்சிக்காரர் கேட்டால், இனி அந்தப் பதிலைத் தட்டிக்கழிப்பது சுலபம்.

திருப்பூரில் பனியன் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுவது பழைய வழக்கம். பீஸ் ரேட், ஷிப்ட் சம்பளம், பஞ்சப்படி, பயணப்படி என்று கோரிக்கைப் பட்டியல் நீளும். அடுத்த பட்டியலில் நான்கு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வாரச் சம்பளத்தோடு வந்துபோன நேரத்தின் அச்சுப் பிரதி தர வேண்டும். கேமரா எங்கெங்கே, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். ரேகை விழாத நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. வேலையை விட்டு நின்றவரின் ரேகையையும் முகத்தையும் கணக்கு முடிக்கும் அன்றே அழித்து, அழித்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.